முதல் வரியை யார் எழுதுவது? மொழிபெயர்ப்பு வேலையில் ஏஐயைச் சேர்க்கும் மூன்று வழிகள்

எங்கள் அறையில் ஆறு பேர் உட்கார்ந்து ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறோம். மருத்துவமனைப் படிவங்கள், ஷாப்பிங் ஆப்களின் வரிகள், காப்பீட்டுக் கடிதங்கள், வாஷிங் மெஷினோடு வரும் கையேடுகள் என்று எது வந்தாலும் செய்வோம். எங்களுக்கு அதிகம் வேலை தரும் ஏஜென்சி ஒன்று போன வருடம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. இனிமேல் எல்லாக் கோப்புகளிலும் மெஷின் மொழிபெயர்ப்பை நிரப்பியே அனுப்புவோம், நீங்கள் பார்த்துத் திருத்தினால் போதும், வார்த்தைக்குத் தரும் விகிதம் பாதி, சம்மதமா என்று ஒரு வாரத்துக்குள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதே பேச்சுதான். பணக் கணக்கு இரண்டே நாளில் முடிந்துவிட்டது. முடியாமல் இழுத்துக்கொண்டே போனது வேறொரு கேள்வி: இப்படிச் செய்ய ஆரம்பித்தால் இந்த வேலை நமக்குப் பிடித்த வேலையாக இருக்குமா? கடைசியில் மூன்று மாத அவகாசம் கேட்டு வாங்கி, ஏஐயை மூன்று விதமாக வைத்து வேலை செய்து பார்த்தோம். அதில் தெரிந்ததையும், வெளியே நடந்த ஆய்வுகளில் எங்களுக்கு உதவியவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். இதே முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும்.

முதல் வழி ஏஜென்சி கேட்டது. மெஷின் முழுவதையும் மொழிபெயர்த்துவிடும், நாங்கள் திருத்துவோம். தொழிலில் இதற்குப் போஸ்ட் எடிட்டிங் என்று பெயர். இரண்டாவது இதற்கு நேர் தலைகீழ். நாங்கள் எழுதி முடித்த பிறகு ஏஐ அதை மூலத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போனதையும் மாறிப்போனதையும் காட்டும். மூன்றாவது, கேட்டால் மட்டும். செக்மெண்ட், அதாவது மென்பொருளில் ஒவ்வொரு வரிக்குமான பெட்டி, காலியாக இருக்கும். தேவையான இடத்தில் ஒரு கீயை அழுத்தினால் ஏஐயின் யோசனை வரும். ஏஐயே வேண்டாம் என்பதும் ஒரு வழிதான். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, பின்னால் சொல்கிறேன்.

ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டியிருந்தது. "பிடிச்சிருக்கா?" என்று மட்டும் கேட்டால் அன்றைய மனநிலைதான் பதிலாக வரும். 1976இல் ரிச்சர்ட் ஹாக்மன், கிரெக் ஓல்ட்ஹாம் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரு வேலை மனிதருக்கு நிறைவு தர ஐந்து விஷயங்கள் வேண்டும் என்று எழுதினார்கள். பலவிதத் திறமைகளுக்கு இடம் இருக்க வேண்டும். ஒன்றைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தானே செய்ய வேண்டும். அது யாருக்காவது பயன்பட வேண்டும். எப்படிச் செய்வது என்று தானே தீர்மானிக்க முடிய வேண்டும். செய்தது சரியா தவறா என்று தெரிய வர வேண்டும். மொழிபெயர்ப்பில் முதல் நான்கும் எங்களுக்குத் தாராளமாகவே இருந்தன. ஐந்தாவதற்குத்தான் எப்போதும் பஞ்சம். அனுப்பிய கோப்பு என்ன ஆயிற்று, படித்தவருக்குப் புரிந்ததா என்று யாரும் எங்களுக்கு எழுதியதில்லை.

சரி, போஸ்ட் எடிட்டிங்.

தமிழுக்கு மெஷின் மொழிபெயர்ப்பு என்றாலே சிரித்த காலம் ஒன்று இருந்தது. 2017 ஏப்ரலில் கூகுள் தன் நியூரல் முறையை, அதாவது வாக்கியத்தை முழுதாக எடுத்து மொழிபெயர்க்கும் முறையை, தமிழுக்கும் கொண்டுவந்தபோது வாக்கியங்கள் ஓரளவு நிமிர்ந்து நின்றன. 2023இல் சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கும் சேர்த்து இண்டிக்டிரான்ஸ்2 என்ற மொழிபெயர்ப்பு மாடலை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டது. அப்புறம் சாட்ஜிபிடி வகையறா வந்தன. இன்று எங்களுக்கு வரும் வரைவுகளில் அப்பட்டமான இலக்கணப் பிழை அபூர்வம். எங்கள் சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு ஷாப்பிங் ஆப்பின் வரி. மெஷின் கொடுத்தது: "உங்கள் ஆர்டர் அனுப்பப்பட்டது." பெட்டி காலியாக இருந்திருந்தால் நான் "உங்கள் ஆர்டரை அனுப்பிவிட்டோம்" என்று எழுதியிருப்பேன். எந்தக் கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார். ஆனால் மெஷினின் வரியில் பிழை என்று எதைக் காட்டுவது? ஏஜென்சியின் விதிமுறைத் தாளில், விருப்பத்துக்காகத் திருத்தாதீர்கள், பிழையை மட்டும் திருத்துங்கள் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அதனால் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன். அங்கே "பணம் திரும்பச் செலுத்தப்படும்". அதையும் விட்டுவிடுகிறேன். இப்படி ஒரு நாளில் நானூறு வரிகள். ஒன்றிலும் பிழை இல்லை, ஒன்றும் நான் சொல்லக்கூடிய தமிழும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது வருகிற அலுப்பு உடம்பு அலுப்பு மாதிரி இல்லை. நாள் முழுக்க யாரோ சொல்வதற்குத் தலையாட்டிக்கொண்டே இருந்த மாதிரி இருக்கும்.

திருத்தலாம் என்று அனுமதி கிடைத்த கோப்புகளிலும் இன்னொன்றைக் கவனித்தேன். மெஷினின் வாக்கியத்தைப் படித்த பிறகு என் வாக்கியம் வர மறுக்கிறது. ஏற்கெனவே ஒரு வார்த்தை வரிசை கண்ணில் விழுந்துவிட்டது. அதற்குள்தான் இங்கே ஒரு வேற்றுமை உருபு, அங்கே ஒரு சந்தி என்று கை போகிறது. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்டோனியோ டோரல் 2019இல், மெஷின் வரைவைத் திருத்திய மொழிபெயர்ப்புகளையும் மனிதர் முதலிலிருந்தே செய்தவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார். திருத்தியவற்றில் சொற்களின் வகை குறைவாகவும், மூல மொழியின் சாயல் அதிகமாகவும் இருந்தது. அவர் பார்த்தது ஐரோப்பிய மொழிகளையும் சீனத்தையும். தமிழில் வினை கடைசியில் வரும், 'படு' விகுதி பேச்சில் அரிதாகவே வரும். அதனால் இங்கே அந்தச் சாயல் இன்னும் துருத்திக்கொண்டு தெரியும் என்பது என் எண்ணம்.

எங்கள் அறையில் இளையவள் ஒருத்தி இருக்கிறாள். வேகமான கை. போஸ்ட் எடிட்டிங் ஆரம்பித்த மூன்றாவது வாரத்தில் டீ குடிக்கும்போது சொன்னாள்: "அக்கா, ஒரு நாளைக்கு அஞ்சாயிரம் வார்த்தை முடிக்கிறேன். ஆனா காலையில என்ன ஃபைல் பண்ணினேன்னு கேட்டா ஒரு வரிகூட ஞாபகம் இல்ல." முன்பெல்லாம் நல்ல வார்த்தை ஒன்று அகப்பட்டால் நாற்காலியைத் திருப்பி எல்லோருக்கும் வாசித்துக் காட்டுகிறவள் அவள். 2025இல் அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேப் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வைப் படித்தபோது அவள் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. 54 பேரை வைத்துச் செய்தது அது. சாட்ஜிபிடியைக் கொண்டு கட்டுரை எழுதியவர்களில் பெரும்பாலோரால் சற்றுமுன் தாங்களே எழுதியதிலிருந்து ஒரு வரியைச் சரியாகச் சொல்ல முடியவில்லை, அந்தக் கட்டுரை தங்களுடையது என்ற உணர்வும் அவர்களுக்குக் குறைவாக இருந்தது. ஆட்கள் குறைவான ஆய்வு என்பதால் அதன் மேல் பெரிய கட்டடம் எழுப்ப மாட்டேன். ஆனால் என் கண்ணெதிரே நடந்ததோடு அது பொருந்துகிறது.

இதைவிட எனக்குப் பயம் தந்தது ஒரு மருத்துவத் துண்டுப்பிரசுரம். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கானது. ஆங்கிலத்தில் 'டிஸ்சார்ஜ்' என்ற சொல் இரண்டு பொருளில் வந்தது: மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்புவது, காயத்திலிருந்து சீழோ நீரோ வடிவது. மெஷின் இரண்டுக்கும் "டிஸ்சார்ஜ்" என்றே போட்டிருந்தது. "காயத்தில் டிஸ்சார்ஜ் இருந்தால் உடனே அழைக்கவும்." அதை நான் படித்தேன், சரி என்று கடந்தும் போனேன். இருபது வருடமாக இந்த வேலை செய்கிறவள் நான். காலிப் பெட்டியில் நானே எழுதியிருந்தால் "காயத்திலிருந்து சீழோ நீரோ வடிந்தால்" என்பதைத் தவிர வேறெதுவும் என் கையில் வந்திருக்காது. இரண்டாவது வாசிப்பில் சக ஊழியர் ஒருவர் பிடித்தார். சரளமான வரைவு கண்ணைத் தூங்க வைத்துவிடுகிறது. 2023இல் பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் 758 ஆலோசகர்களை வைத்து ஹார்வர்டு ஆய்வாளர்களும் மற்றவர்களும் செய்த சோதனையிலும் இதுபோல ஒன்று நடந்தது. ஏஐக்குக் கைவந்த வேலைகளில் அதைப் பயன்படுத்தியவர்கள் வேகமாகவும் தரமாகவும் செய்தார்கள். அதன் எல்லைக்கு வெளியே இருந்த ஒரு வணிகப் பிரச்சினையில், ஏஐ இல்லாதவர்களைவிட 19 சதவீதப் புள்ளிகள் குறைவாகவே சரியான விடைக்கு வந்தார்கள்.

பணத்தை இரண்டு நாளில் பேசி முடித்தோம் என்றேன். அந்தக் கணக்கு இதுதான். வார்த்தைக்கு ஒன்றரை ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நாளைக்கு 2,500 வார்த்தை எழுதினால் 3,750 ரூபாய். விகிதம் பாதியானால் அதே 3,750 ரூபாய்க்கு 5,000 வார்த்தைகளை மூலத்தோடு வைத்துப் படிக்க வேண்டும். வேகம் இரட்டித்ததால் கிடைத்த லாபம் முழுக்க வேலை தருபவர் பக்கம் போய்விடுகிறது, நமக்குக் கூடுதலாகக் கிடைப்பது கண் எரிச்சல். பிரிட்டனின் எழுத்தாளர் சங்கம் 2024 ஜனவரியில் எடுத்த கருத்துக்கணிப்பில், மொழிபெயர்ப்பாளர்களில் 36 சதவீதம் பேர் ஏஐயால் ஏற்கெனவே வேலை இழந்ததாகவும், 43 சதவீதம் பேர் வருமானம் குறைந்ததாகவும் சொன்னார்கள். அதே மாதம்தான் மொழி கற்பிக்கும் ஆப்பான டுவோலிங்கோ தன் ஒப்பந்த ஊழியர்களில் சுமார் 10 சதவீதம் பேரை நிறுத்தியது தெரியவந்தது; அதில் மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள்.

சில ஏஜென்சிகள் இன்னும் ஒரு படி போய், மெஷின் வரைவை நாம் எத்தனை எழுத்து மாற்றினோம் என்று மென்பொருளை விட்டு எண்ண வைக்கின்றன. எடிட் டிஸ்டன்ஸ் என்பார்கள். குறைவாக மாற்றினால் கூலி குறைவு, அதிகம் மாற்றினால் ஏன் என்று கேள்வி. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இங்கே பொருந்தும். மேலாளர் ஒருவர் கவனிப்பதைவிட அல்காரிதம் கவனிக்கும்போது மக்கள் தங்கள் சுதந்திரம் பறிபோனதாக அதிகம் உணர்கிறார்கள், அதிகம் குறை சொல்கிறார்கள், வேலையை விடும் எண்ணமும் கூடுகிறது. அதே கண்காணிப்பு அவர்கள் கற்றுக்கொள்ள உதவுவதற்காக என்று சொன்னபோது எதிர்ப்பு தணிந்தது. இந்த இரண்டாவது பாதி எங்களுக்குப் பின்னால் கைகொடுத்தது.

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைப்பது நியாயமில்லை. ஏஐ வேலையை இனிமையாக்கும் என்பதற்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. எரிக் பிரிஞ்ஜோல்ஃப்சன், டேனியல் லி, லிண்ட்சே ரேமண்ட் மூவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, 5,000க்கு மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களைப் பற்றியது. அவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸில் இருந்தவர்கள். ஏஐ உதவியோடு ஒரு மணி நேரத்தில் தீர்க்கும் பிரச்சினைகள் சராசரியாக 14 சதவீதமும், புதியவர்களிடம் 34 சதவீதமும் கூடின. வாடிக்கையாளர்கள் கோபமாகப் பேசுவதும், "உங்க மேனேஜரைக் கூப்பிடுங்க" என்பதும் குறைந்தன. வேலையை விட்டுப் போகிறவர்களும் குறைந்தார்கள். மென்பொருள் வேலை செய்யாத நேரங்களிலும் அவர்களிடம் முன்னேற்றம் தங்கியிருந்தது, அதாவது எதையோ கற்றுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் இது எங்கள் அனுபவத்துக்கு எதிரானதாகத் தெரிந்தது. திரும்பப் படித்தபோதுதான் புரிந்தது. அங்கே ஏஐ வாடிக்கையாளரிடம் பேசவில்லை. ஊழியரின் திரையில் யோசனை சொன்னது. எடுத்துக்கொள்வதும் தள்ளுவதும் அவர் இஷ்டம், பேசுவது அவர்தான். எங்கள் கணக்கில் அது முதல் வழியில் சேராது, மூன்றாவது வழிக்குப் பக்கத்தில் வரும்.

எழுத்து வேலையிலேயே செய்த சோதனையும் உண்டு. எம்ஐடியின் ஷாக்கெட் நோய், விட்னி ஜாங் இருவரும் 2023இல் 453 பட்டதாரிப் பணியாளர்களுக்கு அலுவலக எழுத்து வேலைகள் கொடுத்துப் பார்த்தார்கள். சாட்ஜிபிடியோடு செய்தவர்களுக்கு நேரம் 40 சதவீதம் குறைந்தது, தரம் 18 சதவீதம் உயர்ந்தது, வேலையில் திருப்தியும் கூடியது. ஆனால் அது ஓரிரு எழுத்துப் பணிகளோடு முடிந்த சோதனை. அடுத்து என்ன ஆகிறது என்று 2025இல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த ஆய்வு பார்த்தது. 3,500க்கு மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். ஏஐயோடு சேர்ந்து ஒரு வேலையைச் செய்துவிட்டு அடுத்ததைத் தனியாகச் செய்தபோது அவர்களின் உள்ளார்ந்த ஆர்வம் குறைந்தது, சலிப்பு கூடியது. என் அனுபவமும் அதுதான். மெஷின் வரைவில் ஒரு வாரம் இருந்துவிட்டுக் காலிப் பெட்டிக்குத் திரும்பினால் முதல் நாள் கை ஓடாது.

இந்த விஷயத்தைப் பேசும்போது இன்னும் சிலர், ஏஐ வந்த பிறகு விஞ்ஞானிகளில் 82 சதவீதம் பேருக்கு வேலைத் திருப்தி குறைந்தது என்று எடுத்துக் காட்டுகிறார்கள். 2024 கடைசியில் எம்ஐடி மாணவர் ஒருவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த எண் அது. அந்தத் தரவின் மேல் தனக்கு நம்பிக்கை இல்லை என்று 2025 மே மாதம் எம்ஐடியே அறிவித்துவிட்டது. என் வாதத்துக்கு வசதியான எண்தான். இருந்தாலும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

இரண்டாவது வழிக்கு வருகிறேன். நாங்கள் எழுதுவோம், ஏஐ பார்க்கும். இதில்தான் எங்கள் அறை மறுபடி சத்தம் போட ஆரம்பித்தது. வரைவு நம்முடையது என்பதால் கோப்பின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மனதில் நிற்கிறது. ஏஐ பிடித்துக் கொடுத்தவையும் உருப்படியானவை. ஒரு மருந்துத் தாளில் 0.5 மி.லி. என்பதை நான் 5 மி.லி. என்று அடித்திருந்தேன். அட்டவணை ஒன்றில் ஒரு வரி முழுதாக விட்டுப்போயிருந்தது. "கூடாது" என்பது "கூடும்" ஆகியிருந்த இடம் ஒன்று. மனிதக் கண் களைத்துப்போகும் இடங்கள் இவை. மெஷினுக்குக் களைப்பு இல்லை. ஹாக்மன் சொன்ன ஐந்தில் எங்களுக்கு எப்போதும் இல்லாத ஐந்தாவது விஷயம், சரியா தவறா என்று தெரிய வருவது, எழுதி முடித்த ஐந்து நிமிடத்தில் கிடைத்தது.

இடைஞ்சலும் உண்டு. தலையில் தையல் போட்டவர்களுக்கான ஒரு தாளில், தையல் பிரிக்கும் வரை முடியைக் கழுவாதீர்கள் என்ற பொருளில் ஒரு ஆங்கில வரி. இளையவள் "தலைக்குக் குளிக்க வேண்டாம்" என்று அழகாக எழுதியிருந்தாள். ஏஐ அதைச் சிவப்பில் காட்டியது: மூலத்தில் முடி இருக்கிறது, மொழிபெயர்ப்பில் குளியல் இருக்கிறது, பொருள் மாறிவிட்டது. அவள் அதை நம்பி "உங்கள் முடியைக் கழுவ வேண்டாம்" என்று மாற்றிவிட்டாள். நான் பார்த்துத் திரும்ப மாற்றச் சொன்னேன். ஆரம்ப வாரங்களில் வந்த எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் இப்படிப்பட்டவை. தன் தமிழை நம்பத் தொடங்கியிருக்கிற ஒரு பெண்ணுக்கு இது சின்ன விஷயமில்லை.

இரண்டு மாற்றங்கள் செய்தோம். ஏஐயிடம் நடையைப் பற்றிப் பேசாதே, எண், அளவு, பெயர், எதிர்மறை, விட்டுப்போன வரி இவற்றை மட்டும் சொல் என்று கேட்டோம். வீண் எச்சரிக்கை பெருமளவு குறைந்தது. அடுத்தது, அந்தப் பட்டியல் எழுதியவருக்கு மட்டும்தான் போகும், எனக்கு வராது. யார் எத்தனை பிழை செய்தார்கள் என்று நான் எண்ணுவதில்லை. கார்னெல் ஆய்வு சொன்னதும் இதைத்தான். மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐஎஸ்ஓ 17100 தரம், எழுதியவர் அல்லாத இன்னொரு மனிதர் கட்டாயம் திருத்திப் பார்க்க வேண்டும் என்கிறது. அந்த இன்னொருவரை நாங்கள் எடுக்கவில்லை. அவருக்கு முன்னால் ஒரு சல்லடையாக ஏஐயை வைத்தோம், அவ்வளவுதான். வேகத்தில் பெரிய லாபம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கோப்புக்குப் பத்து நிமிடம் கூடவே ஆகும்.

மூன்றாவது வழி, கீயை அழுத்தினால் யோசனை. கேட்க மிக நியாயமான வழி. சுதந்திரம் முழுக்க நம் கையில். ஆனால் இது ஆளுக்கு ஆள் வேறாகப் போனது. எங்களில் மூத்தவர், சட்ட ஆவணங்கள் பார்க்கிறவர், ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவைதான் அழுத்துவார். அதுவும் கலைச்சொல் சந்தேகத்துக்கு. "நல்ல ஜூனியர் ஒருத்தன் பக்கத்துல உட்கார்ந்த மாதிரி இருக்கும்மா" என்றார். இளையவளோ இரண்டாவது வாரத்தில் ஒவ்வொரு செக்மெண்டிலும் அழுத்த ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நானும் அப்படித்தான். களைப்பில் விரல் தானாகப் போகிறது. அப்புறம் அது முதல் வழிதான், நாமே நமக்குச் செய்துகொள்வது.

இந்த வழியில் எல்லோரும் சொன்ன ஒரு விஷயம், வேகம் கூடியிருக்கிறது என்பது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் கூடவில்லை. இப்படி நடப்பது எங்களுக்கு மட்டுமில்லை. மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025இல் அனுபவமுள்ள 16 மென்பொருள் வல்லுநர்களை வைத்து 246 வேலைகளில் சோதித்துப் பார்த்தது. ஏஐ இருந்தால் 24 சதவீதம் வேகமாக முடிப்போம் என்று எதிர்பார்த்தார்கள், 19 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்தார்கள். முடித்த பிறகும் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாகவே நம்பினார்கள். நீங்கள் எந்த வழியை எடுத்தாலும் கடிகாரத்தைப் பாருங்கள், உணர்வை மட்டும் நம்ப வேண்டாம்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு மூன்றாவது வழி நல்லதா? வாடிக்கையாளர் சேவை ஆய்வைப் பார்த்தால் ஆம் என்று சொல்லத் தோன்றும். நான் ஒரு நிபந்தனையோடு ஆம் என்பேன். முதலில் தன் வரியை எழுதட்டும், அதன் பிறகு கீயை அழுத்தி ஒப்பிடட்டும், எது ஏன் நன்றாக இருக்கிறது என்று யோசிக்கட்டும். இளையவள் இப்போது அப்படித்தான் செய்கிறாள். பல நேரம் தன் வரியையே வைத்துக்கொள்கிறாள்.

ஏஐ அறவே வேண்டாம் என்பது சில கோப்புகளுக்கு விருப்பமில்லை, கட்டாயம். நோயாளியின் விவரமோ வழக்கு ஆவணமோ இருந்தால் பொதுவான ஏஐ தளத்தில் ஒட்டவே கூடாது. 2017இல் நார்வேயின் ஸ்டாட்டாயில் எண்ணெய் நிறுவனத்து ஊழியர்கள் டிரான்ஸ்லேட்.காம் தளத்தில் மொழிபெயர்க்க ஒட்டிய உரைகள் கூகுள் தேடலில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடந்தன. மற்றபடி, தமிழகத்தில் இன்று முழுநேரமாக இந்த வேலையில் இருப்பவர் எல்லாக் கோப்புக்கும் ஏஐ வேண்டாம் என்று சொல்லிப் பிழைப்பது கடினம் என்றே நினைக்கிறேன்.

நாங்கள் எடுத்த முடிவு கலவையானது. படிக்கிறவர் பயத்திலோ வலியிலோ இருப்பார், அல்லது படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார் என்றால் அந்தக் கோப்பு இரண்டாவது வழியில்தான். மருத்துவம், ஒப்புதல் படிவம், புகார்க் கடிதத்துக்கான பதில் எல்லாம் இதில் வரும். ஒரே வரி நூறு தடவை வரும் கையேடுகள், பழைய பதிப்பில் சில எண்கள் மட்டும் மாறியவை, பட்டியல்கள் இவற்றுக்குப் போஸ்ட் எடிட்டிங் போதும், உண்மையில் அதுதான் நல்லது. வாஷிங் மெஷினின் பிழைக் குறியீடுகளைக் கையால் எழுதுவதில் யாருக்கும் சந்தோஷம் இருந்ததில்லை. ஆனால் யாரும் ஒரு நாளில் பாதிக்கு மேல் அதில் உட்காரக் கூடாது. மூன்றாவது வழி அவரவர் விருப்பம், மேலே சொன்ன நிபந்தனையோடு.

ஏஜென்சிக்குப் பதில் எழுதும்போது ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர்கள் 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற ஒப்பந்தத்தைப் பார்த்தேன். ஏஐயைப் பயன்படுத்தச் சொல்லி எழுத்தாளரை நிறுவனம் கட்டாயப்படுத்த முடியாது. கொடுக்கும் உரை ஏஐ எழுதியதாக இருந்தால் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். ஆறு பேர் கொண்ட அறைக்கு அந்தச் சங்கத்தின் பலம் கிடையாது. இருந்தாலும் அந்த இரண்டு கோரிக்கைகளையும் எங்கள் அளவில் எழுதினோம், மூன்றாவதாக ஒன்றும் சேர்த்தோம்: போஸ்ட் எடிட்டிங்குக்கு வார்த்தைக் கணக்கு வேண்டாம், மணிக் கணக்கில் கொடுங்கள். வரைவு மோசமாக இருந்தால் அதன் செலவு அதை அனுப்பியவரையே சேர வேண்டும் என்பது எங்கள் வாதம்.

மருத்துவக் கோப்புகளைக் காலிப் பெட்டியாக, முழு விகிதத்தில் அனுப்ப ஒத்துக்கொண்டார்கள். 'டிஸ்சார்ஜ்' கதையைச் சொன்னது உதவியது. எந்தக் கோப்பில் எந்த மெஷின் என்பதையும் இப்போது சொல்கிறார்கள். மணிக் கணக்குக்கு மறுத்துவிட்டார்கள். பாதியாக இருந்த விகிதத்தைக் கொஞ்சம் ஏற்றினார்கள், அவ்வளவுதான். அதை இந்த வருடக் கடைசியில் மறுபடி பேசுவதாக இருக்கிறோம்.

எங்களுக்குள்ளேயே தீராத ஒன்றும் இருக்கிறது. அடுத்த வாரம் 40 பக்கக் காப்பீட்டு பாலிசி ஒன்று வருகிறது. முக்கால்வாசி பழைய பாலிசியிலிருந்து அப்படியே எடுத்த வரிகள். அதனால் போஸ்ட் எடிட்டிங் போதும் என்கிறார் மூத்தவர். எதெதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்று சொல்லும் பக்கங்கள் அதில் இருக்கின்றன, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு ஒருவர் அதைத்தான் தேடிப் படிப்பார், அந்த ஒன்பது பக்கத்தையாவது காலிப் பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள் என்கிறாள் இளையவள். நாளைக் காலையில் ஏஜென்சிக்குப் போன் பண்ணிக் கேட்கப் போகிறேன்.